நிழலுக்கு நிழல்: ஈரோட்டிலிருந்து கொல்லிமலை, ஐந்து நாள் சைக்கிளில்

நாள் 1: ஈரோடு, திருச்செங்கோடு, அட்டையாம்பட்டி, சேலம்

அக்னி நட்சத்திரத்தில் யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களா என்று வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எனக்கு ஐந்து நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது மே மாதம்தான், பிள்ளைகளும் அம்மாயி வீட்டுக்குப் போய்விட்டார்கள், அதனால் இன்று காலை நாலே முக்காலுக்குக் கிளம்பிவிட்டேன். சேலம், ஏற்காடு, நாமக்கல், கொல்லிமலை, அப்புறம் காவிரிக் கரையைப் பிடித்துத் திரும்ப ஈரோடு. தினமும் ராத்திரி தங்குகிற இடத்திலிருந்து எழுதிப் போடுகிறேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: பத்து மணிக்கு மேல் வெயிலில் மிதிக்கக் கூடாது, நிழல் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டும்.

பள்ளிபாளையம் பாலம் தாண்டும்போது இன்னும் இருட்டு. தறி ஓடுகிற சத்தம் மட்டும் ரோடு வரைக்கும் கேட்டது. திருச்செங்கோட்டு மலை தெரிய ஆரம்பித்தபோது வெளுத்துவிட்டது, போர் போடுகிற ரிக் லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு மல்லசமுத்திரம் வழியைப் பிடித்தேன்.

இந்த மாதிரி பழைய ரோடுகளில் புளியமரம் இருக்கிற நீளமும் உண்டு, ரோட்டை அகலப்படுத்த வெட்டிவிட்ட நீளமும் உண்டு. காரில் போனால் தெரியாது, சைக்கிளில் போகும்போது அந்த வித்தியாசம் தோலில் தெரியும். மரத்தடியில் என் சைக்கிள் மீட்டர் 33 டிகிரி காட்டியது, மரம் முடிந்து அரை கிலோமீட்டர் போவதற்குள் 38. ரோடு அகலமாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் நின்ற இடத்தில் வைத்த கன்று ஒன்றுகூட என் தோள் உயரத்துக்கு வரவில்லை, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

வெட்டாமல் விட்ட ஒரு மரத்தடியில் மூன்று பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள் இரண்டு, முன்னால் கூடையில் துண்டும் சோப்பும். கிணற்றுக்குக் குளிக்கப் போகிறார்களாம். கால் மணி நேரத்துக்கு முன்னால் இவர்கள்தான் என்னைத் தாண்டிப் போனவர்கள், அதுவும் ஒரு சைக்கிளில் இரண்டு பேர். "அக்கா, எந்தூருங்க்கா?" "ஈரோடு." "சைக்கிள்லயே வந்துட்டீங்களா?" என்று கேட்ட பையன் எழுந்து வந்து என் வண்டியை ஒரு விரலில் தூக்கிப் பார்த்தான், டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், அப்புறம் தன் வண்டியின் டயரை அழுத்திப் பார்த்தான். "இவ்ளோ கல்லாட்டம் காத்தடிச்சா குழியில எறங்குனா வலிக்காதுங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. 28 மில்லிமீட்டர் டயருக்கு நான் அடித்திருந்தது உண்மையிலேயே அதிகம்தான், கை மணிக்கட்டு அதற்குள் வலிக்க ஆரம்பித்திருந்தது. அங்கேயே கொஞ்சம் காற்றை இறக்கினேன். அதற்கப்புறம் சேலம் வரைக்கும் கை வலிக்கவில்லை.

கூடையிலிருந்து நுங்கு எடுத்துக் கொடுத்தார்கள். மார்கழியில் எதிரே ஒரு சைக்கிள் வந்தால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவோம், யாரும் நிற்பதில்லை. மே மாதத்தில் எல்லோரும் ஒரே மரத்தடிக்குத்தான் வந்தாக வேண்டியிருக்கிறது.

அட்டையாம்பட்டியில் கைமுறுக்கு ஒரு பொட்டலம், சேலம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால், 65 கி.மீ. சொச்சம். சாயங்காலம் தட்டுவடை செட் இரண்டு தட்டு சாப்பிட்டேன். இரண்டு தட்டைக்கு நடுவில் கேரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்டு, சட்னி தடவிக் கொடுப்பார்கள். சேலத்துக்கு வந்தால் இதைச் சாப்பிடாமல் போகக் கூடாது.

நாள் 2: ஏற்காடு

ஐந்து மணிக்குக் கோரிமேடு. அடிவாரத்தில் சுமார் 300 மீட்டர் உயரம், மேலே ஏற்காடு 1,500 சொச்சம், நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. கோடை விழா ஆரம்பித்துவிட்டால் இந்த ரோட்டில் கார் மேல் கார்தான், அதனால்தான் இந்த வாரத்தையே தேர்ந்தெடுத்தேன்.

அடிவாரத்தில் சேலத்துக்காரர்கள் நாலு பேர் தயாராக நின்றிருந்தார்கள். அதில் ஒருவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாரத்துக்கு ஒரு தரம் ஏற்காடு ஏறிவிடுவாராம். "தனியாவா வந்த அம்மணி? வா, சேந்தே போலாம்" என்றார். ஆனால் நான் சேர்ந்து போகவில்லை. அவருடைய ஆட்களில் ஒரு இளைஞன் விருட்டென்று கிளம்பினான், கால் புதிதாக இருந்ததால் நானும் அவன் பின்சக்கரத்தை ஒட்டியே மிதித்தேன். முதல் ஐந்து வளைவு அப்படியே போனது. ஆறாவது வளைவில் அவன் முதுகு இருபது மீட்டர் தள்ளிப் போயிருந்தது, எட்டாவதில் காணவில்லை. பத்தாவது தாண்டியதும் வலது கெண்டைக்கால் முடிச்சுப் போட்டதுபோல இழுத்துக்கொண்டது. வண்டியை விட்டு இறங்கவும் முடியவில்லை, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு பெடலில் ஒரு காலோடு அப்படியே நின்றேன்.

பத்து நிமிடத்தில் பெரியவர் வந்தார். பேசிக்கொண்டே வந்தார், அதைத்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் வருகிறவரிடம் மாங்காய் விலையோ என்னவோ பேசிக்கொண்டே அந்த ஏற்றத்தில் வந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தி, வண்டியை அவரே பிடித்துக்கொண்டு காலை நீட்டி உட்காரச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். உள்ளே கல் உப்பு. பாதி எலுமிச்சம்பழத்தில் அதைத் தொட்டு, "அப்படியே கடிச்சுத் தண்ணி குடி" என்றார். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வியர்வையில் போன உப்பை ஈடு செய்யாமல் நான் ஏறியிருக்கிறேன், அது பாதிக் காரணமாக இருக்கலாம். மீதிப் பாதி வேகம்.

"பேச்சு வருதான்னு பாரு. முழுசா ஒரு வார்த்தை பேச முடிஞ்சா ஏறலாம். மூச்சு நடுவுல அறுந்துச்சுன்னா கியரை எறக்கு. இதுக்கு மீட்டர் எல்லாம் வேண்டாம்." இதைச் சொல்லிவிட்டு மீதிப் பத்து வளைவும் என்னோடு பேசிக்கொண்டே வந்தார். அவர் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் அளவு. என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை போகிறது. என் பதில் துண்டு துண்டாக வந்தால் உடனே அவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். என் வண்டியில் முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 32. பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் இரண்டே கால் மீட்டர் சொச்சம்தான் நகரும். மூன்று வருடமாக, இருப்பதிலேயே லேசான அந்தக் கடைசிக் கியரைப் போட்டால் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அதிலேயே எட்டு கிலோமீட்டர் பேசிக்கொண்டு ஏறினேன், மூச்சு நடுவில் அறுபடவே இல்லை.

ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் நின்றார்கள். அந்த இளைஞனும் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தான். "அக்கா, பின்னாடி வர்றது தெரிஞ்சிருந்தா மெதுவாப் போயிருப்பேன்க்கா" என்றான். பாவம், அவன் மேல் என்ன தப்பு.

மேலே ஏரிக்கரையில் காபி. இந்த மலையில் காபியை முதலில் கொண்டுவந்து வைத்தவர் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்று படித்திருக்கிறேன், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி சுற்றியிருக்க அதன் நிழலில்தான் இன்றும் காபிச்செடி வளர்கிறது. காபிக்கும் நேர் வெயில் ஆகாது.

இறங்கும்போது குப்பனூர் வழியாக இறங்கினேன். வண்டிகள் குறைவு, குரங்குகள் நிறைய. பெரியவர் போன் நம்பர் கொடுத்திருக்கிறார், ஆடி மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நாள் 3: சேலம், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், நாமக்கல்

நேற்றைய அலுப்பில் ஐந்தரைக்குத்தான் கண் விழித்தேன், கிளம்ப ஆறரை ஆகிவிட்டது. நான்குவழிச் சாலையில் தூரம் கொஞ்சம்தான், 52 கி.மீ., அதனால் அவசரம் இல்லை என்று ஆண்டகளூர் கேட்டில் உட்கார்ந்து நிதானமாக இட்லி சாப்பிட்டேன். அந்த முக்கால் மணி நேரத்துக்கு அப்புறம் நடந்ததைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

புதுச்சத்திரம் வரும் முன் பின் டயர் இறங்கியது. சைக்கிள்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, லாரி டயர் வெடித்துச் சிதறிக் கிடக்கிற ரோட்டோரத்தில் என்ன இருக்கும் என்று. டியூபை மாற்றினேன், டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை, காற்றடித்தேன், இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மறுபடி இறங்கிவிட்டது. வண்டியில் இருந்ததையும் சேர்த்து என்னிடம் இருந்ததே இரண்டு டியூப். ஒட்டுப்போடுகிற பசையைத் திறந்தால் அது உள்ளேயே காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. மணி ஒன்பதரை. அந்த இடத்தில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு மேம்பாலத்தின் தூண் நிழல்தான், அதுவும் என் அகலத்துக்கு.

எதிர்ப்பக்கம், சேலம் போகிற ரோட்டில், பளபளக்கிற மஞ்சள் கோட்டு போட்ட இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். நான் கை காட்டவில்லை. அவர்களாகவே நின்றார்கள். ஒருவர் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுவில் இருந்த அரளிச் செடிகளை விலக்கி, லாரிக்கு இடைவெளி பார்த்துக் கடந்து வந்தார். கோட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தது.

இருவரும் 300 கிலோமீட்டர் பிரெவேயில் இருந்தார்கள். தெரியாதவர்களுக்கு: பிரெவே என்பது பந்தயம் இல்லை, யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை, குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 200-க்குப் பதிமூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் குறித்த இடங்களைக் கடந்ததற்கு அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், ஆள் இல்லாத இடத்தில் ஏடிஎம் சீட்டோ கடை ரசீதோ காட்டினால் போதும். இவர்கள் நேற்று வெயில் தாழ நாலு மணிக்குச் சேலத்தில் கிளம்பி வேடசந்தூர் வரை போய், ராத்திரி முழுக்க மிதித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்று பன்னிரண்டு மணிக்குள் சேலத்தில் இருக்க வேண்டும். இன்னும் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. நேரம் இரண்டரை மணி. வெயில் இந்த மாதிரி, கால் அந்த மாதிரி.

"நீங்க போங்க, நான் பஸ்ல ஏத்திட்டுப் போயிடறேன்" என்று சொன்னேன், உண்மையாகத்தான் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. "டியூபை எல்லாரும் மாத்திருவாங்க, முள்ளை யாரும் எடுக்கறதில்லை" என்று சொல்லிக்கொண்டே டயரைக் கழற்றினார். முதலில் பழைய டியூபில் காற்றை ஊதி ஓட்டை எங்கே என்று பார்த்தார். காற்றடிக்கிற வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று அளந்து, டயரிலும் அதே தூரத்தை வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் டயரை உள்புறம் வெளியே வரும்படி மடித்தார். வெயிலுக்குக் காட்டி மெல்ல மெல்ல வளைத்தபோது ஒரு புள்ளி மின்னியது. லாரி டயரில் வருகிற எஃகுக் கம்பி, தலைமுடி கனம், மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம். டயர் சும்மா இருக்கும்போது ரப்பருக்குள் ஒளிந்துகொள்ளும், என் எடை அழுத்தும்போது மட்டும் உள்ளே குத்தும். அதனால்தான் என் விரலுக்குத் தட்டுப்படவில்லை. அவர் பையில் நகவெட்டி இருந்தது. அதன் பல்லால் கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "வச்சுக்குங்க, இனிமே மறக்க மாட்டீங்க."

டியூபில் ஒட்டுப் போட்டார், அவரிடம் இருந்த கடைசி ஒட்டு. அவருக்கே பஞ்சரானால் என்ன செய்வார் என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் நின்ற நண்பரைக் காட்டி, "அவன்கிட்ட இருக்கும்" என்றார். இருக்கிறதா என்று அவர் கேட்டு நான் பார்க்கவில்லை. காற்று அடிக்கிற இடைவெளியில் பேசினோம்: 2027-ல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போக வேண்டும் என்று ஆசை. நாலு வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிற 1,200 கிலோமீட்டர், நேரம் 90 மணி. 2023-ல் பணம் சேரவில்லையாம். அதற்காகத்தான் இந்த வெயிலிலும் மிதிக்கிறார்கள்.

எல்லாம் முடிய 25 நிமிடம். திரும்ப வண்டியைத் தோளில் போட்டு, அரளியை விலக்கி, போய்விட்டார். மீதிக் கைமுறுக்கை அவர் முதுகுப் பையில் திணித்துவிட்டேன், வேறு எதுவும் என்னிடம் இல்லை.

நாமக்கல் வந்து சேர்ந்து லாட்ஜில் படுத்தும் தூக்கம் வரவில்லை, மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே காலுக்கு மெசேஜ் வந்தது: "11.49. முடிச்சாச்சுங்க. முறுக்கு அருமை." சத்தமாகக் கத்திவிட்டேன், பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்.

நாள் 4: கொல்லிமலை

எழுபது வளைவு. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வந்தால் 1/70 என்று பலகை ஆரம்பித்துவிடும். காரவள்ளிக்கு நான் வந்தபோது ஆறரை, மலை முழுக்க இன்னும் நிழலில் இருந்தது.

நாலாவது வளைவில் ஒரு பெண் என்னைத் தாண்டினாள். பதினாறு பதினேழு வயது இருக்கும், பழைய வண்டி, ஹேண்டில் டேப் கிழிந்து வேறு கலரில் சுற்றியிருந்தது, ஆனால் செயின் சத்தமே இல்லை, அவ்வளவு சுத்தம். பின்னால் அவள் அப்பா எக்ஸெல் வண்டியில் தண்ணீர்க் கேனோடு வந்துகொண்டிருந்தார். போட்டிகளுக்குப் போகிறாளாம், லீவில் வாரம் இரண்டு தடவை இங்கே ஏறுகிறாள். நேற்று முன்தினம் போல நான் துரத்தவில்லை. ஒரு வளைவில் அவளே எனக்காக மெதுவானாள், அப்புறம் சேர்ந்து போனோம்.

வளைவை எப்படி எடுப்பது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நாம் ரோட்டுக்கு இடப்பக்கம் போகிறவர்கள், அதனால் இடப்பக்கம் திரும்புகிற வளைவில் உள்வட்டம் நமக்கு வரும், அது சுவர் மாதிரி செங்குத்து. வலப்பக்கம் திரும்புகிற வளைவில் வெளிவட்டம், தூரம் கூட, ஆனால் ஏறக்குறைய சமதளம். "வலது வளைவுல உக்காந்து மூச்சு வாங்கிக்குங்க்கா, இடதுல மட்டும் எந்திரிச்சு நாலு மிதி. வண்டி எதுவும் வரலைன்னா இடதுலயும் கொஞ்சம் நடுவுக்கு வாங்க." எழுபதில் பாதி வளைவு ஓய்வு என்று கணக்குப் போட்டால் மலை பாதியாகிவிடுகிறது. நான் ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன், அவள், "எண்ணாதீங்க்கா, எங்கப்பா கேன் வச்சிருக்கற எடம் வந்தா நிக்கலாம், அவ்ளோதான்" என்றாள். அவள் அப்பா எப்போதும் மரம் இருக்கிற வளைவாகப் பார்த்துத்தான் நின்றிருந்தார்.

சோளக்காட்டில் பலாப்பழம் குவிந்து கிடந்தது. அவர் ஒன்று வாங்கி, கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பிளந்தார், பால் ஒட்டாமல் சுளை சுளையாகக் கழன்று வந்தது. முதல் சுளை மகளுக்கு, இரண்டாவது எனக்கு. எட்டு ஒன்பது தின்றிருப்பேன். அவள் மூன்றோடு நிறுத்திவிட்டாள், இன்னொரு தடவை ஏற வேண்டுமாம்! கீழே இறங்கி மறுபடி எழுபது. நான் செம்மேடு போய் வல்வில் ஓரி சிலைக்கு எதிரே ஒரு திண்ணையில் படுத்துவிட்டேன்.

மத்தியானம் இடி இடித்து அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ஈர ரோட்டில் இறங்குவதுதான் இன்று பயமாக இருந்தது, என் வண்டிக்கு ரிம் பிரேக், சக்கரத்தின் வளையத்தையே அழுத்திப் பிடித்து நிறுத்துவது. ஒரே பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்காமல் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடித்து, பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகு கிளம்பினேன். மேலே குளிராக இருந்த காற்று வளைவுக்கு வளைவு சூடாகி, காரவள்ளியில் அடுப்படிக் காற்றாகிவிட்டது.

நாள் 5: நாமக்கல், மோகனூர், பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம், ஈரோடு

கடைசி நாள், சமதளம், வாய்க்கால் கரை. மோகனூரிலிருந்து பரமத்தி வேலூர் வரைக்கும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், ஜேடர்பாளையத்தில் பிரிகிற ராஜவாய்க்கால் தண்ணீரில் எல்லாம் பச்சை. இந்த ஐந்து நாளில் மீட்டரைப் பார்க்காத நாள் இதுதான்.

வேலூர் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் பாய் விற்கிறவர் ஒருவர். கேரியரில் குறுக்கே பலகை கட்டி அதன் மேல் இருபது கோரைப்பாய்க்கு மேல் சுருட்டி அடுக்கியிருந்தார். வண்டியை நிறுத்தப் பக்கவாட்டு ஸ்டாண்டு போதாது, ஒரு கவைக்கம்பை முட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஹேண்டிலை நேராகப் பிடித்து நிற்கவே இரண்டு கையும் நடுங்கியது. இதைத்தான் தினம் முப்பது நாற்பது கிலோமீட்டர் மிதிக்கிறார், முப்பது வருடமாக.

பத்தடி தள்ளி இதைவிடப் பெரிய புளியமரம் இருந்தது. அங்கே ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். "புளிய நெழலு நின்னு தண்ணி குடிக்க ஆகும் கண்ணு, படுக்க ஆகாது. படுக்கறதுன்னா வேம்பு" என்றார். எந்த ஊரில் எந்த மரம் எத்தனை மணி வரை நிழல் தரும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜேடர்பாளையத்து அரசமரம் பதினொரு மணி வரை, அதற்கப்புறம் நிழல் ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய்விடும், சோழசிராமணி கோவில் மரம் சாயங்காலம் வரை. எதை எல்லாம் வெட்டிவிட்டார்கள் என்பதையும் வரிசையாகச் சொன்னார், மரத்தின் பேரோடு அல்ல, அங்கே வழக்கமாகப் பாய் வாங்குகிறவர்கள் பேரோடு. மரம் போன பிறகு அங்கே நிற்க முடிவதில்லை, நிற்காததால் யாவாரமும் இல்லை.

பெரிய பாயை என்னால் கொண்டுபோக முடியாது என்பதால் உட்காருகிற தடுக்கு ஒன்று வாங்கினேன். ஹேண்டில் பைக்கு முன்னால் வைத்து அவரே சணலால் கட்டிக் கொடுத்தார், "குலுங்கினாலும் அவுராது" என்றார். இருவரும் சேர்ந்தே கிளம்பினோம். நான் முன்னால் போய்க் காற்றை மறைக்கலாம் என்று பார்த்தேன், அவருக்கு அது பிடிக்கவில்லை, பக்கத்திலேயே வரச் சொன்னார். மூன்று கிலோமீட்டர் அவர் வேகத்தில் பேசிக்கொண்டே போனோம். ஒரு ஊர்ப் பிரிவில் பெல்லை இரண்டு தடவை அடித்துவிட்டு வலது பக்கம் திரும்பினார். கொஞ்ச தூரம் வரை "பாயி, கோரப்பாயி" என்கிற சத்தம் வாழைத்தோட்டத்துக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

ஜேடர்பாளையத்து அரசமரத்தடிக்கு நான் போனபோது பதினொன்று ஐந்து. நிழல் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பள்ளிபாளையம் பாலத்தில் சாயங்காலம் ஆறு மணி. தடுக்கு அவிழவில்லை. நாளைக்கு வண்டியைக் கழுவ வேண்டும், ஒட்டுப் பசையும் ஒரு நகவெட்டியும் வாங்க வேண்டும்.